தொட்டுப் பார்க்கிற கைகாட்டி

டவுன் பஸ் ஓட்டுகிற ஆளுக்கு ரயில்மேல் பைத்தியம் என்றால் டெப்போவில் சும்மா விடுவார்களா? பகலெல்லாம் பஸ், வீட்டுக்குப் போனால் ரயில், கனவில் என்ன கப்பலா என்று கேட்பார்கள். டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பஸ்ஸுக்கு முன்னால் எவன் வேண்டுமானாலும் குறுக்கே வருவான், ரயிலுக்கு முன்னால் சிக்னல் மட்டும்தான் வரும், ஆகவே இது உத்தியோகம், அது ஓய்வு என்பார்.

வீட்டின் பின்பக்க அறைதான் அவருடைய ரயில்வே. மூன்று சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம், இரண்டு ஸ்டேஷன், ஒரு சரக்குக் கொட்டகை, காகிதக் கூழால் செய்த மலை, மலைக்குள் ஒரு குகை. இன்ஜின்கள் உள்ளங்கையில் அடங்கும். ஒரு சரக்கு ரயில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பயணிகள் ரயிலை மட்டும் அவர் ஒரு குமிழைத் திருகி ஓட்டுவார். சரக்கு ரயில் முன்னால் இருந்தால் அவருக்குச் சிவப்பு எரியும், அது விலகினால் பச்சை விழும். கடுகளவு விளக்குகள். ஒயரிங் முழுக்க அவரே செய்தது. சிவப்பில் நிற்க வேண்டும், பச்சையில் கிளம்ப வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். அதை விளையாட்டு என்று சொன்னால் மட்டும் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

அவருடைய மனைவி பல் கம்பி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தாள். வரிசை தப்பின பற்களை நேராக்க மாட்டுகிற கம்பி, பல் செட் நழுவாமல் பிடித்துக்கொள்கிற கொக்கி என்று, முகம் தெரியாத யாருடைய பல்வரிசையையோ பிளாஸ்டர் அச்சில் முன்னால் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குறடும் கையுமாக இருப்பாள். கல்யாணமான புதிதில் அவர் வேடிக்கையாக வைத்த பெயர் கம்பிக்காரி. இப்போது அவளே யாரிடமாவது தன்னைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பெயர் வாயில் வந்துவிடும். பின்பக்க அறைக்கும் அவளுக்கும் இருந்த சம்பந்தம் தூசி தட்டுவதோடு சரி. பெயிண்ட் பிரஷ் ஒன்றால் மலையையும் ஸ்டேஷனையும் தடவிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவாள். ஒரே ரயில் ஒரே இடத்தைச் சுற்றிவருவதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்ததில்லை. புரிந்தாக வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை.

பிறகு அவருடைய கண் சுருங்க ஆரம்பித்தது. முதலில் சாயங்கால மங்கலில் தடுமாறினார். அப்புறம் பக்கவாட்டில் நிற்பவர்கள் காணாமல் போனார்கள். ஒரு நாள் பஸ்ஸை டெப்போவுக்குள் திருப்பும்போது இடதுபக்கக் கேட் தூண் இருந்ததே தெரியாமல் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. கண் டாக்டர் விளக்குகளைக் காட்டி, பொத்தான்களை அமுக்கச் சொல்லிச் சோதித்துவிட்டு, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும், குழாய் போகப்போக ஒடுங்கும் என்றார். அதைத் தடுக்க மருந்து இல்லை என்பதையும் தாட்சண்யம் பார்க்காமல் சொன்னார். அன்றோடு ஸ்டியரிங் போயிற்று. விசாரணை ஜன்னலில் நாற்காலி போட்டுத் தருகிறோம் என்று டெப்போவில் சொன்னதற்கு, கிளம்புகிற பஸ்ஸையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்று கும்பிடு போட்டுவிட்டார்.

வீட்டோடு இருந்தவருக்குப் பின்பக்க அறைதான் கதி. ஆனால் கடுகளவு விளக்கைக் குழாய்க் கண்ணால் தேடிப் பிடிப்பதற்குள் ரயில் அதைத் தாண்டிவிடும். கம்பிக்காரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், பின்பக்கத்திலிருந்து ஏதோ சிதறுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சிவப்பைக் கவனிக்காமல் ஓட்டி, சரக்கு ரயிலின் வாலில் மோதியிருந்தார். அவருக்கு ரொம்பப் பிரியமான பச்சை இன்ஜின் பலகையிலிருந்து தரையில் விழுந்து மூக்கு உடைந்து கிடந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கே விழுந்தது என்று தெரியாமல் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது மொத்த ரயில்வேயையும் பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டிருந்தார். எல்லாவற்றையும் விற்றுவிடலாம், அறையை வாடகைக்கு விட்டால் யாருக்காவது பிரயோஜனம் என்றார். சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். கீரை வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னார்.

டிரைவரின் அக்கா, கம்பிக்காரிக்கு அண்ணி, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் காலை வேலை. டோக்கன் நம்பர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, காதோடு சொல்ல வேண்டிய ரகசியம்கூட அவள் வாயிலிருந்து தெருமுனை வரை போகும். தம்பிக்கு இப்படி ஆனதிலிருந்து தினமும் மத்தியானம் வந்து, அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரைவிட அதிகமாக அழுதுவிட்டுப் போவாள். விற்கிற யோசனையைக் கேட்டதும் அவள்தான் முதலில் ஆமோதித்தாள். அந்தச் சாமானெல்லாம் கண் முன்னால் இருந்தால் மனசு அதிலேயே நிற்கும், ஒரேயடியாகத் தலைமுழுகிவிடுவது நல்லது என்றாள்.

கம்பிக்காரி வழக்கம்போல் வேலைக்குப் போனாள். பட்டறையில் அவள் கம்பி நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டாள். கடைசியில் விரல் நுனியால் ஒரு முறை வருடிப் பார்ப்பாள். கண்ணுக்கு நேராகத் தெரிந்த கம்பி விரலுக்குக் கோணலாகப் படும். மறுநாள் அப்படி வருடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. விளக்கைத் தொட்டுப் பார்க்க முடியாது. கையைத் தூக்கி இறக்குகிற பழைய கைகாட்டி சிக்னலைத் தொட்டுப் பார்க்கலாமே.

மாதிரி ரயில் சாமான் விற்கிற கடைக்கு அவள் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் பேச்சுப் பிரியர். எந்தக் காலத்து ரயில்வே, எந்தக் கம்பெனி மாதிரி, என்ன அளவு என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினார். அவளுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

"எந்தக் காலமா இருந்தாலும் பரவாயில்லைங்க. விரல் வெச்சுப் பாத்தா ஒடியக் கூடாது."

கடைக்காரர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார். பொருட்களைத் தொடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் அவரே எழுதி மாட்டிய அட்டை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. காரணத்தை அவள் சொன்னாள். அவருக்கு டிரைவரைத் தெரியும். கண்ணாடி அலமாரியைத் திறந்து, இருந்த கைகாட்டிகளையெல்லாம் எடுத்து மேஜைமேல் வரிசையாக நிறுத்தி, நீங்களே தொட்டுப் பாருங்கள் என்று தள்ளி நின்றார்.

பிளாஸ்டிக் கைகாட்டி முதல் தொடலிலேயே நெளிந்தது. மோட்டார் வைத்தது பார்க்க அழகு. ஆனால் விரல் பட்டால் உள்ளே இருக்கிற பல்சக்கரம் தேய்ந்துவிடும் என்று கடைக்காரரே எச்சரித்தார். பித்தளையில் வெட்டி, கம்பியால் இழுக்கிற ரகம்தான் தேறியது. லீவரை இழுத்தால் கம்பி நகரும், கம்பி நகர்ந்தால் கை அசையும். அதிலும் இரண்டு ஜாதி. ஒன்றில் கை கிடையாக நீட்டிக்கொண்டிருந்தால் நில், கீழே இறங்கினால் போ. இன்னொன்றில் மேலே தூக்கினால் போ. எது நல்லது என்று கேட்டாள். இரண்டும் ரயில்வேக்களில் உள்ளதுதான், இறங்குகிற கைக்கு ஒரு நளினம் உண்டு, அழகுக்காக வாங்குகிறவர்கள் அதைத்தான் வாங்குவார்கள் என்றார். அவளும் அதையே வாங்கினாள்.

வீட்டில் அவர் பிடி கொடுக்கவில்லை. விரிப்பின் ஒரு மூலையைச் சுருட்டிவிட்டு அவளே பலகையில் துளை போட்டாள். அவர் முன்னறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அவள் லீவரை இழுத்தாள். கை பாதியில் தொங்கியது. மறுபடி இழுத்தாள். தடையில் முட்டி டப்பென்று சத்தம் வந்தது. நாலைந்து தடவை இப்படி ஆனதும் ரேடியோ நின்றது.

"கம்பி தளர்வா இருக்கு" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

அவள் கம்பியை இறுக்கி இழுத்தாள்.

"இப்ப ரொம்ப இறுக்கிட்டே. கேட்டா தெரியல?"

"தெரியலையே. எனக்கு உங்க காது இல்ல."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர், கைகாட்டியைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். தடவி முடித்ததும் முகம் கோணியது. இது பொம்மை ஸ்டேஷனை விடப் பெரிதாக இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற பொம்மை மனுஷன் கணக்குக்கு மூன்று மாடி உயரம் வரும், உலகத்தில் எந்த ரயில்வேயில் இப்படி ஒரு கைகாட்டி உண்டு என்று கேட்டார். உங்கள் விரல் எந்தக் கணக்கில் வருகிறதோ அந்தக் கணக்கில்தான் வாங்கினேன் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைக் காட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. பட்டறை முதலாளியம்மா மிச்சக் கம்பிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பற்களுக்கான எஃகுக் கம்பி நூல் மாதிரி மெலிசு, ஆனால் எவ்வளவு இழுத்தாலும் தொய்யாது. கடையில் வாங்கிய ஒன்றைப் பார்த்து மற்றவற்றைக் கம்பிக்காரியே பித்தளைத் தகட்டில் வெட்டினாள். எல்லாவற்றையும் தண்டவாளத்தோரம் நட்டால் அவர் கை எட்டாது. ஆகவே பலகையின் முன்விளிம்பிலேயே, அவர் உட்காருகிற இடத்துக்கு இடப்பக்கமாக வரிசையாக நிறுத்தினாள். எந்தக் கைகாட்டி எது என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே. ஸ்டேஷனுக்கு உள்ளே விடுகிறதற்குச் சதுர நுனி. முன்கூட்டியே எச்சரிக்கிறதற்கு மீன்வால் மாதிரி வெட்டிய நுனி. சரக்குக் கொட்டகைக்குப் போகிறதற்குக் குட்டைக் கை. முதல் இரண்டும் நிஜ ரயில்வேயிலும் அப்படித்தான் என்று அவர் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் தன் வசதிக்கு யோசித்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

ஒன்று மட்டும் இடித்தது. விளக்குகள் தாமாக மாறும். கைகாட்டியை ஒருவர் இழுக்க வேண்டும். விடுமுறை நாட்களில் கம்பிக்காரி லீவர் பக்கம் உட்கார்ந்தாள். சரக்கு ரயில் எங்கே போகிறது என்று அவள் பார்த்து, கையை இறக்குவாள். அவர் விரலால் அறிந்துகொண்டு குமிழைத் திருகுவார். மற்ற நாட்களில் ஆளில்லை.

அக்காதான் மத்தியானம் சும்மா வந்து அழுகிறாளே, அவளைக் கூப்பிடலாம் என்று கம்பிக்காரி சொன்னதும் டிரைவர் பதறினார். அக்கா நில் என்றால் நிற்கவும் போ என்றால் போகவும் நான் என்ன கைக்குழந்தையா என்றார். அக்காவும் லேசில் சம்மதிக்கவில்லை. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் பொம்மை ரயிலா என்று உச்சுக்கொட்டினாள். ஒரே ஒரு நாள் என்று உட்கார்ந்தாள். மறுநாள் வரும்போது, போன தடவை சரக்கு ரயில் குகைக்குள் போனபிறகு வெளியே வர ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அதோடு மத்தியான அழுகை நின்றது. கேன்டீன் குரலில் "இரு, இரு, இன்னும் சிக்னல் குடுக்கல" என்று அவள் அதட்டுவதும், "கத்தாதேக்கா, கைகாட்டி எதுக்கு இருக்கு" என்று அவர் பதிலுக்கு அதட்டுவதும் தெரு வரை கேட்டன.

கைகாட்டிகளைப் பராமரிக்கிற பொறுப்பு கம்பிக்காரிக்கு. வார லீவில் ஒரு துணியை விரித்து உட்கார்ந்துவிடுவாள். கடிகாரத்துக்கு விடுகிற எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, கை திரும்புகிற அச்சில் ஒரு துளி வைப்பாள். அதிகம் வைத்தால் தூசி ஒட்டி இறுகிவிடும். அக்காவின் தலைமுடி ஒன்று எப்போதும் எந்த அச்சிலாவது சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சின்ன இடுக்கியால் உருவ வேண்டும். தினமும் விரல் பட்டுப் பட்டு நுனியில் பெயிண்ட் உதிரும். புதிதாகச் சிவப்பு அடித்து, குறுக்கே வெள்ளைப் பட்டை போட்டு, காய்ந்ததும் அவரிடம் காட்டுவாள். குனிந்து, தலையை அப்படி இப்படிச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சிவப்பு பளிச்சுன்னு இருக்கு" என்பார். அது போதும் அவளுக்கு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மோதல் நடந்தது. கம்பிக்காரி அன்று பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். அவள் செருப்பைக் கழற்றும்போதே பின்பக்கம் கடகடவென்று சத்தம். பயணிகள் ரயில் நேராகப் போய்ச் சரக்கு ரயிலின் நடு வயிற்றில் இடித்திருந்தது. அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். டிரைவரின் இடது கை இன்னும் சதுர நுனிக் கைகாட்டியின் மேலேயே இருந்தது.

"ஏன்க்கா குடுத்தே?"

"நான் எங்கடா குடுத்தேன்? லீவரைத் தொடவே இல்ல."

"கை இறங்கிச்சுக்கா. என் விரல்லதானே இருக்கு."

"என் ரெண்டு கையும் மடிமேல இருந்துச்சு. சும்மா என்னைச் சொல்லாதே."

"அப்ப அது தானா இறங்கிச்சா? வேடிக்கை பாக்கறியா என்னை வெச்சு?"

அக்கா விடவில்லை. "குருட்டுத்தனமா பழி போடாதடா" என்றாள்.

சாதாரணமாக எல்லோரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அக்காவே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு, கம்பிக்காரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. டிரைவர் முன்னறைக்குத் திரும்பி ரேடியோவை வைத்துக்கொண்டார்.

கம்பிக்காரிக்கு இருவரையும் தெரியும். இருவருக்கும் பொய் வராது. அப்படியானால் தப்பு கைகாட்டியில்தான் இருக்க வேண்டும். லீவு அன்று கழற்றிப் பார்த்தாள். அச்சு வழுவழுப்பாக இருந்தது. கம்பி இறுக்கமாக இருந்தது. கையைக் கிடையாக நிறுத்துகிற எடைக்கல் இருந்த இடத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் கை தானாக இறங்கவில்லை. பிறகு, காரணம் சொல்லாமல் அவரை உட்கார்த்திவைத்து ரயிலை ஓட்டச் சொன்னாள். லீவரைத் தொடாமல் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரம்ப நாட்களில் அவர் விரல் பக்கவாட்டில் நேராகப் போய்க் கையை அடியிலிருந்து தொடும். அதை அவள் நன்றாகப் பார்த்திருக்கிறாள். இப்போது அப்படிப் போகவில்லை. முதலில் காற்றில் நின்றது. பிறகு, இருட்டில் ஸ்விட்சைத் தேடுகிற கை மாதிரி மேலிருந்து துழாவிக்கொண்டு இறங்கி, கைகாட்டியின்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த பாரத்தில் பித்தளைக் கை மெதுவாகக் கீழே தணிந்தது. அவர் குமிழைத் திருகினார். ரயில் கிளம்பியது.

கம்பிக்காரி எட்டிக் குமிழைத் திருகி ரயிலை நிறுத்தினாள். அவளுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் விளங்கின. அவற்றில் ஒன்றைக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"எப்பலேருந்து தெரியல?"

"என்னது?"

"கைகாட்டியோட கை."

அவர் கம்பத்தை விரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளாச்சு" என்றார். "கம்பம் நிழலா தெரியுது. கை சுத்தமா தெரியல."

"சிவப்பு பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னீங்களே."

"நீ பெயிண்ட் அடிச்சு எடுத்துட்டு வந்து நிக்கற. வேற என்ன சொல்றது?"

அவள் அவருக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று வந்த அழுகையை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் பார்க்கவில்லை என்பதும் அப்போது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. ஆனால் அந்தக் காதுக்கு என்ன செய்வது? அவர் கையை நீட்டி, முதலில் முக்காலியின் விளிம்பைத் தொட்டு, பிறகு அவள் முழங்கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். சரக்கு ரயில் மட்டும் குகைக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

மூக்கை உறிஞ்சிவிட்டு, மோதல் எப்படி நடந்தது என்பதை அவள் விளக்கினாள். அவர் விரலைத் தானே பிடித்துக் கைகாட்டிமேல் வைத்து, அது பாரத்தில் தணிவதைக் காட்டினாள். இறங்குகிற ஜாதியை அழகுக்காக வாங்கியது என் தப்பு, அண்ணிமேல் ஒன்றுமில்லை, உங்கள்மேலும் ஒன்றுமில்லை என்றாள். அவர் அதை ஒருமுறைக்கு இருமுறை தானே செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கை தணிந்தது.

"அப்ப அக்கா குடுக்கவே இல்ல" என்றார்.

"இல்ல."

அக்காவிடம் போனில் பேசிவிடலாம் என்று அவள் போனை எடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கோல் துணிகளுக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துவந்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீட்டினார். நானும் வருகிறேன் என்று அவள் செருப்பைத் தேடினாள். நீ வந்தால் கோல் எதற்கு என்றார். வாசலில் நின்று, அவர் கோலைத் தட்டித் தட்டி, மழைநீர்க் கால்வாயின் ஓரத்தைக் கண்டுபிடித்து, அதையே பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய் அடுத்த தெருவுக்குள் திரும்புவதை அவள் பார்த்தாள். திரும்பிய பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, காற்று வாங்குகிறேன் என்றாள்.

அங்கே நடந்ததை அக்கா பிற்பாடு சொன்னாள். முதலில் தப்பான கதவைத் தட்டி, அந்த வீட்டுக்காரரிடம் வழி கேட்டிருக்கிறார். அக்கா கதவைத் திறந்ததும் கோலைத்தான் பார்த்தாள். அவ்வளவு நாள் சேர்த்துவைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது, நாக்கில் சனி என்று ஆரம்பித்திருக்கிறாள். அவர் தடுத்துவிட்டாராம்.

"விடுக்கா. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும். நீ சொன்னதே நல்லதாப் போச்சு."

அப்புறம் மன்னிப்புக் கேட்டது யார், அழுதது யார் என்பதை அக்கா சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டு வந்த வழியே போனான், நான் பத்தடி பின்னாலேயே வந்தது அவனுக்குத் தெரியாது என்றாள். தெரியும், உன் செருப்புச் சத்தம் ஊருக்கே தெரியும் என்று அவர் பக்கத்து அறையிலிருந்து சொன்னார்.

கம்பிக்காரி எல்லாக் கைகளையும் கழற்றினாள். இந்தத் தடவை மேலே தூக்குகிற ஜாதி. கை தன் பாரத்திலேயே கிடையாக வந்து ஒரு கட்டைமேல் படுத்துக்கொள்ளும். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அதற்குக் கீழே போக இடமில்லை. லீவரை இழுத்தால் மட்டும் மேலே எழும். எழுந்து நிற்கிற கையைத் தெரியாமல் விரலால் அமுக்கிவிட்டாலும், அது கிடையாகத்தான் வரும், ரயில் நிற்கும், மோதாது. கம்பியே அறுந்தாலும் அப்படித்தான். கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, இத்தனை வருஷம் விற்கிறேன், இப்படி யோசித்துப் பார்த்ததில்லை என்றார். அவரும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அனுமதி கேட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பெயிண்ட் எதற்கு இன்னும் என்று டிரைவர் கேட்டார்.

"நான் பாக்கறேனே" என்றாள் கம்பிக்காரி. "அண்ணி பாக்கறாங்க."

அதற்கப்புறம் அவர் சிவப்பைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. பெயிண்ட் காய்ந்ததும் முகர்ந்து பார்த்து, போன தடவை டப்பா வேறே என்பார். அது சரியாகத்தான் இருக்கும். எண்ணெய் விடுகிற வேலையில் அவரும் சேர்ந்துகொண்டார். லீவரை ஒருமுறை இழுக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டு, மீன்வால் வறண்டிருக்கிறது, குட்டைக் கையில் முடி சிக்கியிருக்கிறது என்று சொல்வார். அக்கா அது தன் முடியில்லை என்று சாதிப்பாள்.

குளிர் காலம் வந்தது. ஒரு மாலை கம்பிக்காரி பட்டறையிலிருந்து வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சண்டைச் சத்தம்கூட இல்லை. பயந்துகொண்டே பின்பக்கம் போனாள். டிரைவர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கை குமிழில், இடது கை சதுர நுனிக் கைகாட்டிமேல். பயணிகள் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. லீவர் பக்க நாற்காலி காலியாக இருந்தது. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அக்கா டீ போடப் போயிருக்கிறாள், வந்து கொடுத்தால்தானே என்றார். குரலில் குறையே இல்லை. ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காக நிற்கிற எந்த ரயிலின் டிரைவரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கத் தோன்றியது. நான் கொடுக்கட்டுமா என்று அவள் லீவர் பக்கம் நகர்ந்தாள்.

"வேணாம். அவ டூட்டி. வந்து பாத்தா என்னைத்தான் திட்டுவா."

கம்பிக்காரி பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவர் விரல்கள் பித்தளைமேல் லேசாக இருந்தன. பட்டறையில் இன்று வந்த ஒரு பல்வரிசையைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாணயம் நுழைகிற இடைவெளி, அதை மூட வேண்டாம், கொஞ்சம் மட்டும் குறைத்தால் போதும் என்று பல்லுக்குச் சொந்தக்காரப் பெண் சொல்லியனுப்பியிருக்கிறாள். ஏனாம் என்று அவர் கேட்டார். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு அது பிடித்திருக்கிறதாம். அவர் சிரித்தார். அக்கா மூன்று டம்ளர்களோடு உள்ளே வந்து, யாரும் எதையும் தொடவில்லையே என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, டீயை வைத்தாள். சரக்கு ரயில் குகைக்குள் போகிறவரை காத்திருந்து லீவரை இழுத்தாள்.